பொதுவெளியும் வாயிற்காசும்

"எப்பப்பா வேடந்தாங்கலுக்குப் போறது?"

"போகலாம். இந்தப் பாவு முடியட்டும்."

"போன பாவுக்கும் இதைத்தானே சொன்னீங்க!"

"ஐந்து பேருக்குப் பேருந்துக் காசு வேணும். வாசல்லே தலைக்குக் காசு வேணும். பகல் சோற்றுக்குக் காசு வேணும். அன்னைக்குத் தறியும் ஓடாது. நீயே கணக்குப் போட்டுப் பாரு."

மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தாள். "ஏண்டா, கொக்கைப் பார்க்கவா காசு? ஏரிக்கரைமேலே நின்னா தானாத் தெரியுது. அதுக்குச் சீட்டு எதுக்கு?"

பதில் இல்லை. தறியின் ஒலி மட்டும் தொடர்ந்தது.

இந்த உரையாடல் இன்ன வீட்டில், இன்ன நாளில் நடந்தது என்று நாம் கூறத் தேவையில்லை. வாலாஜாபாத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தறி ஓடும் எந்த வீட்டிலும் இது நடக்கக்கூடும். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். ஒரு காலத்தில் கும்பினிப் பட்டாளம் முகாமிட்டிருந்த ஊர். பாலாற்றங்கரையில் அமைந்த ஊர். காஞ்சிப் பட்டு என்று உலகம் புகழும் துணிக்குப் பின்னே குழித்தறியில் கால் புதைத்து, முதுகு வளைத்து, பொழுதெல்லாம் ஒரே சாளரத்தின் வெளிச்சத்தில் கண்ணைத் தேய்க்கும் மக்கள் வாழும் வட்டாரம். அவன் நெய்யும் சேலையை அவன் மனைவி உடுத்துவதில்லை. அவன் இழைக்கும் சரிகை மயிலும் அன்னமும் எவர் வீட்டுத் திருமணத்திலோ உலவுகின்றன. சரிகையில் பறவை செய்பவன், உயிருள்ள பறவையை ஒரு நாள் தன் மகனுக்குக் காட்ட விரும்புகிறான். வாயிலில் ஒரு பலகை அவனை நிறுத்துகிறது: நுழைவுக் கட்டணம்!

சிறிய தொகைதானே என்று சிலர் சிரிக்கக்கூடும். தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும், வினா மாறாது. பொதுமக்களின் நிலத்தைப் பொதுமக்கள் காண்பதற்குப் பணம் கேட்பது முறையா? முறையென்றால் எந்த அளவுக்கு, எவரிடம், எதற்காக? முறையன்று என்றால், அந்த நிலத்தையும் நீரையும் மரத்தையும் பறவையையும் காப்பது எப்படி? பகுத்தறிவு பேசும் நாம் இதைப் பதற்றமின்றி எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் ஓர் ஐயத்தை அகற்றுவோம். வயிற்றுக்கே வழியற்றவனுக்குப் பறவை பார்ப்பது ஒரு தேவையா? இந்த வினாவைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கோடைக்கு மலைக்குச் செல்லும் குடும்பத்தினர்! உழைப்பவனுக்கு உணவு போதும், ஓய்வு வேண்டாம் என்பது ஆண்டைகளின் வேதம். அந்த வேதத்தை மறுத்துத்தான் எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் மனிதனாக வாழ்வு என்று உலகத் தொழிலாளர் முழங்கினர். 1923ஆம் ஆண்டு மே முதல் நாள், இந்தியாவிலேயே முதன்முறையாக மே நாளைச் சிங்காரவேலர் கொண்டாடியது எங்கே? சென்னைக் கடற்கரையில்! மண்டபத்துக்கு வாடகை கொடுக்க இயலாதவனுக்கும் மணல் இடம் கொடுத்தது. காற்றும் கடலும் காசு கேட்கவில்லை. பொதுவெளி வேடிக்கைக்கு மட்டும் உரிய இடமன்று. ஏழை நிமிர்ந்து நிற்க இடம் தருவதும் அதுதான்.

இதை நாம் மறந்துவிடக் கூடாது. 1949ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கொட்டும் மழையில் ஓர் இயக்கம் தன் முதல் பொதுக்கூட்டத்தை நடத்தியது இராயபுரம் இராபின்சன் பூங்காவில். அந்தப் பூங்காவின் வாயிலில் தலைக்கு இவ்வளவு என்று ஒரு பலகை தொங்கியிருந்தால், மழையில் நனைந்தபடி நின்ற அந்தத் தொழிலாளரில் எத்தனை பேர் உள்ளே வந்திருப்பர்? எண்ணிப் பாருங்கள்.

பொது என்பது யாருக்குப் பொது?

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே செல்பவர் உத்திரமேரூரைக் காணலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன; 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையைக் கூறும் அந்தக் கற்களைப் பாராட்டாத மேடை இல்லை. ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டத்தைக் காக்கத் தோட்ட வாரியம் என்று பொதுச் சொத்துக்குப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்தனர் என்பது உண்மை. கணக்குக் காட்டாதவரை மீண்டும் பதவிக்கு வரவிடாது விலக்கினர் என்பதும் உண்மை. பாராட்டத்தக்கவைதாம்.

ஆனால் அதே கல்லில் இன்னொரு செய்தியும் வெட்டப்பட்டிருக்கிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். ஏரியை வெட்டியவன் மண்ணைச் சுமந்தான். வாரியத்தில் அவனுக்கு ஓலை இல்லை. பெண்ணுக்கு ஓலை இல்லை. ஊர்ப்பொது என்று எழுதினார்கள். ஊரில் சிலர்க்கே பொதுவாக வைத்தார்கள்.

அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருளைப் பெற்றுத் தர ஆயிரம் ஆண்டுகள் ஆயின. மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம் ஆகியவற்றில் எந்த வகுப்பினரையும் தடுக்கக் கூடாது என்பதே அது, தீர்மானம் நிறைவேறியது. அதே ஆண்டில் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை புகுந்தார். 1927ஆம் ஆண்டு மகாடு நகரில், சவுதார் குளத்து நீரை ஒரு கை அள்ளிப் பருகுவதற்காக அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் அணிவகுத்தார். தெருவில் நடப்பது, குளத்தில் நீர் மொள்வது — எவ்வளவு எளிய செயல்கள்! அவற்றுக்கு எவ்வளவு பெரிய போர்!

இந்தப் போர்களை நினைவூட்டுவதால், சாதிக் கதவும் காசுக் கதவும் ஒன்றே என்று நாம் வாதிடுவதாக எவரும் எண்ண வேண்டாம். அப்படிக் கூறினால் அது வாதமன்று, வசை. சாதிக் கதவு மனிதனின் பிறப்பைக் கேட்டது. அதற்கு அவனால் எந்நாளும் விடை சொல்ல இயலாது. காசுக் கதவு அவனது பையைக் கேட்கிறது. ஒரு நாள் இல்லாவிடினும் மறுநாள் விடை கிடைக்கலாம். வேறுபாடு பெரிது. எனினும் ஓர் ஒற்றுமையை மறைக்கவும் இயலாது. இரண்டு கதவுகளுமே, "உள்ளே வந்து நீ என்ன செய்வாய்?" என்று கேட்பதில்லை. ஒன்று, "நீ யார்?" என்றது, மற்றது, "உன்னிடம் என்ன இருக்கிறது?" என்கிறது. நிலத்தைக் காக்க வேண்டுமானால் கேட்க வேண்டிய வினா முதலாவதுதான். இந்தக் கட்டுரையின் கருத்து முழுவதும் இதில் அடங்கும்.

எல்லார்க்கும் ஒரே தொகை என்பதால் நீதி கிடைத்துவிட்டது என்றும் கொள்ளலாகாது. ஒரே கல்லை யானை முதுகிலும் ஆட்டுக்குட்டி முதுகிலும் ஏற்றிவிட்டு, எடை சமம் என்று மகிழ்வதா? காரில் வருபவர்க்கு வாயிற்காசு சில்லறை. தறிக்காரனுக்கு அது அன்றைய காய்கறி. ஒரே தொகை, ஒரே சுமை ஆகிவிடாது.

காசு வேண்டும் என்போர் கட்சி

எதிர்க்கட்சியின் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு கூறுவதே அறிவுடைமை. அவர்கள் கூறுவன நான்கு.

காவலாளிக்குச் சம்பளம், நடைபாதைக்குப் பழுது, குடிநீர், கழிப்பறை — இவற்றுக்குப் பணம் வேண்டாமா என்பது முதல் வாதம். அங்கே போகாதவனுடைய வரிப்பணத்தில் போகிறவனுக்கு ஏன் வசதி என்பது இரண்டாவது. கதவைத் திறந்துவிட்டால் கூட்டம் பெருகும், பறவை பறந்துவிடும், காடு கெடும் என்பது மூன்றாவது. காசு வைக்காவிட்டால் காலிகள் கூடுவர், குப்பை சேரும், சீசா உடையும் என்பது நான்காவது.

முதல் வாதத்தில் உண்மை உண்டு. செலவு இல்லாமல் காவல் இல்லை. ஆனால் செலவு இருக்கிறது என்பதால், அதை வாயிலில் நிற்பவனிடமே பிடுங்க வேண்டும் என்று முடிவாகிவிடாது. தெருவிளக்குக்கும் செலவு உண்டு. விளக்கின் கீழே நடப்பவனிடம் கைநீட்டுகிறோமா? நூலகத்துக்கும் செலவு உண்டு. படிப்பறையில் நுழையும் மாணவனிடம் தலைக்காசு கேட்கிறோமா?

இரண்டாவது வாதம் நெசவாளிக்கு எதிராகவன்று, அவனுக்கு ஆதரவாகவே பேசுகிறது! காஞ்சித் தறிக்காரன் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது. ஊட்டியையும் கொடைக்கானலையும் அவன் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிருப்பானா? அங்கே போகும் சாலைக்கு அவனும் வரி கொடுத்திருக்கிறான். போகாதவன் கொடுத்த பணத்தில் போகிறவன் இன்புறுவது பல காலமாக நடந்து வருகிறது. கொடுத்தவன் ஏழை, இன்புற்றவன் செல்வன் என்பதால் அது எவர் கண்ணையும் உறுத்தவில்லை. ஏழை ஒருநாள் உள்ளே வர விரும்பும்போதுதான் கணக்குப் புத்தகம் திறக்கப்படுகிறது.

மூன்றாவது வாதமே நாம் மதித்துப் பேச வேண்டியது. காட்டுக்கும் ஏரிக்கும் தாங்கும் அளவு உண்டு என்பது அறிவியல் உண்மை. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இளைஞரும் பெண்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. அதைக் குறை கூறுவோர் உண்டெனில் அவர்கள் உரிமையின் பொருளறியாதவர்கள். தீக்காலத்தில் காடு மூடப்பட வேண்டும். பருவம் அறிந்தே பாதை திறக்க வேண்டும். வழி தெரிந்தவர் உடன் செல்ல வேண்டும். விதி வேண்டும், வரம்பு வேண்டும் — ஐயமில்லை. ஆனால் வரம்பு வேறு, விலை வேறு. நாளைக்கு நூறு பேர் என்பது வரம்பு. நூறு பேரைத் தேர்ந்தெடுக்கப் பணத்தைச் சல்லடையாக்குவது விலை. வந்த முறைப்படியோ, குலுக்கல் முறையிலோ தேர்ந்தெடுத்தாலும் காடு அதே நூறு பேரைத்தானே தாங்கப் போகிறது?

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2024ஆம் ஆண்டு மே திங்கள் முதல், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு மின்வழி அனுமதிச் சீட்டு வந்தது. 2025ஆம் ஆண்டு கோடைக்கு வரம்பும் விதிக்கப்பட்டது: நீலகிரிக்கு வேலை நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அந்தச் சீட்டுக்கு விலை இல்லை. அரசுப் பேருந்தில் செல்வோர்க்குச் சீட்டே தேவையில்லை. கவனியுங்கள்: மலையை நெருக்குவது வண்டி, ஆகவே வண்டிக்கு வரம்பு. பேருந்தில் ஐம்பது பேரோடு ஒருவனாகச் செல்லும் ஏழையால் மலைக்குச் சுமை குறைவு. ஆகவே அவனுக்குத் தடை இல்லை. இன்னும் சீர்செய்ய வேண்டியவை அதில் இருக்கலாம். எனினும் கேட்கப்பட்ட வினா சரியான வினா: "உன்னால் இந்த மலைக்கு என்ன நேரும்?"

நான்காவது வாதம் வாதமே அன்று. ஏழ்மையைப் பண்பின்மை எனக் கருதும் பழைய நோய். மலைச்சாலை ஓரத்தில் சீசாவை உடைத்துப் போட்டவன் நடந்து வந்தவனா, காரில் வந்தவனா? யானையின் கால் பிளக்கக் கண்ணாடி வீசியவன் பேருந்துக் காசை எண்ணி வந்தவனா?

விலை கொடுத்தவன் மனம்

அது மட்டுமன்று. விலை, ஒழுக்கத்தை வளர்க்கும் என்ற நம்பிக்கையே ஆய்வுக்கு நிற்கவில்லை. இசுரேல் நாட்டின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2000ஆம் ஆண்டு வெளியாயிற்று. மாலையில் குழந்தையை அழைத்துச் செல்லப் பெற்றோர் தாமதமாக வருவதைத் தடுக்கச் சில காப்பகங்களில் தண்டத்தொகை விதித்தனர். தாமதம் குறையும் என எதிர்பார்த்தனர். நடந்ததோ மாறானது! தாமதமாக வருவோர் பெருகினர். தண்டத்தை நீக்கிய பின்னும் பழைய நிலை திரும்பவில்லை. ஏன்? முன்னர், "ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே" என்ற நாணம் இருந்தது. காசு வந்ததும், "அதற்குத்தான் கொடுத்துவிட்டோமே" என்ற துணிவு பிறந்தது.

பூங்கா வாயிலில் சீட்டு வாங்கியவன் மனமும் இதுவே. விருந்தினனாக வந்திருக்க வேண்டியவன் வாடிக்கையாளன் ஆகிவிடுகிறான். "காசு கொடுத்தேன், கூட்டிப் பெருக்க ஆள் இருக்கிறான்" என்று தாளை எறிகிறான். பொது என்ற எண்ணத்தை விலை வளர்ப்பதில்லை. வாங்கியது என்ற எண்ணத்தை வளர்க்கிறது.

வேடந்தாங்கல் கற்பிக்கும் பாடம்

பொதுவெளியைக் காப்பது எது என்பதற்கு விடை தேடி வெளிநாடு செல்லத் தேவையில்லை. நெசவாளியின் மகன் காண விரும்பினானே, அந்த வேடந்தாங்கலே விடை.

அது ஒரு சிற்றூர் ஏரி. நீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும், கூழைக்கடாவும், அரிவாள் மூக்கனும், வக்காவும், நீர்க்காகமும் கூடு கட்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டு விளையாடினர். ஊரார் பொறுக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடக் கூடாது என்ற உரிமைச் சாசனத்தை 1798ஆம் ஆண்டு பெற்றனர். அமெரிக்காவில் எல்லோஸ்டோன் பூங்கா 1872ஆம் ஆண்டுதான் தோன்றிற்று. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, எழுத்தறிவும் அதிகமில்லாத உழவர்கள், துப்பாக்கி ஏந்திய ஆட்சியிடம் சென்று பறவைக்காகப் பேசி வென்றனர்!

அவர்களைத் தூண்டியது எது? புண்ணியமா? வரமா? இல்லை. பறவையின் எச்சம் நீரில் கலக்கிறது. அந்த நீர் வயலுக்குப் பாய்கிறது. உரமிட்டது போல் பயிர் தழைக்கிறது. கண்ணால் கண்டார்கள், காரணம் அறிந்தார்கள், காத்தார்கள். பகுத்தறிவு என்பது பட்டணத்து மேடையில் மட்டும் விளைவதா? ஏரிக்கரையிலும் விளைந்திருக்கிறது. பறவைகள் அஞ்சும் என்பதற்காக அவ்வூரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சீட்டு இல்லை, தண்டம் இல்லை, காவலர் இல்லை, விதி இருந்தது. விதியை ஆக்கியவனும் அதற்குக் கட்டுப்பட்டவனும் ஒருவனே. அதுவே அதன் வலிமை.

பின்னர் அரசு வந்தது, சரணாலயம் என்று அறிவித்தது, கோபுரம் கட்டியது, வேலி இட்டது, வாயில் வைத்தது. 2022ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலிலும் அந்த ஏரி இடம் பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் 2020ஆம் ஆண்டு நடந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோ மீட்டர் வரை இருந்த காப்பெல்லையை மூன்று கிலோ மீட்டராகக் குறுக்க ஒரு முயற்சி எழுந்தது. தொழிற்சாலைகளுக்கு வழிவிடவே இது என்று மக்களும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்தனர். என்ன விந்தை! வாயிலில் சிறுவனிடம் சீட்டுக் கேட்கிறோம்; எல்லையில் ஆலைக்கு நிலம் அளக்க நினைக்கிறோம். சிறுவனின் கண்ணால் நாரைக்கு நேரும் தீங்கு பெரிதா? ஆலையின் கழிவால் நேரும் தீங்கு பெரிதா?

பாலாறு தந்த நீதி

இந்த வினாவுக்கு நீதி மொழியில் விடை தந்ததும் நம் பாலாறே. வாலாஜாபாத்துக்கு மேற்கே, வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலைகள் கழிவு நீரைப் பாலாற்றில் கலந்தன. கிணறு கெட்டது, வயல் கெட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், கெடுத்தவனே ஈடு தர வேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உரைத்தது. பின்னர் மணலும் அள்ளப்பட்டது. லாரி லாரியாக ஆறு பட்டணம் போயிற்று. மக்கள் நடந்ததால் அழிந்த ஆறு உலகில் உண்டா? மணல் லாரியால் அழிந்த ஆறுகள் எத்தனை!

கெடுத்தவனே ஈடு தர வேண்டும். இந்த நெறியைப் பொதுவெளி வாயிலுக்குக் கொண்டு வாருங்கள், குழப்பம் தீரும். தீங்குக்குத் தொகை உண்டு, பார்வைக்கு இல்லை. புகை கக்கும் வண்டியை உள்ளே கொண்டு வருபவன் கொடுக்கட்டும். படப்பிடிப்புக்காக ஏரிக்கரையை வாடகைக்கு எடுப்பவன் கொடுக்கட்டும். கரையில் விடுதி கட்டி, பறவையின் அழகை அறை வாடகையில் சேர்த்து விற்பவன் நிறையக் கொடுக்கட்டும். நெகிழிப் பையை எறிபவன் தண்டம் கட்டட்டும். நடந்து வந்து, நின்று பார்த்து, வியந்து, வீடு திரும்புபவன் எதைக் கெடுத்தான்? அவனிடம் எதற்கு ஈடு?

இந்த உரிமையைப் பிற நாட்டு உழைப்பாளரும் கேட்டிருக்கின்றனர். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், இங்கிலாந்தில் மான்செஸ்டர் வட்டாரத்து இளந்தொழிலாளர் நூற்றுக்கணக்கில் திரண்டு, கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டு நிலத்தில் தடையை மீறி நடந்தனர். சீமான்கள் பறவை வேட்டையாடுவதற்கென்று அடைத்து வைத்திருந்த வெளி அது. ஐவர் சிறை சென்றனர். நம் கைத்தறியை நசுக்கிய ஆலைகளின் ஊர் மான்செஸ்டர்; அந்த ஆலைப் புகையில் மூச்சுத் திணறியவன் ஞாயிறன்று நல்ல காற்றுக்காக நடந்தான், நடந்ததற்காகச் சிறை சென்றான். 1949ஆம் ஆண்டு அந்நாட்டில் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடக்கும் உரிமைக்கும் சட்டம் வந்தது. சீமானின் நிலத்திலேயே நடக்கும் உரிமையை அங்கே கேட்டார்கள். நாம் நம் பொது நிலத்தில் நடக்கும் உரிமையைத்தான் கேட்கிறோம்.

நம்மவரையும் கேட்போம்

கோயிலில் சிறப்பு வரிசை கண்டு நாம் சினந்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டு காஞ்சியில் அத்திவரதரைக் காண மக்கள் வெயிலில் மணிக்கணக்காக வாடி நின்றபோது, சீட்டுப் பெற்ற செல்வாக்குடையோர் வேறு வழியே விரைந்தனர். "ஆண்டவன் முன்னும் அந்தஸ்தா?" என்று கேட்டோம். கேட்டது சரி. அதே நாக்கால், ஆற்றின் முன்னும் பூங்காவின் முன்னும் அந்தஸ்து கூடாது என்று நம்மவரிடமும் கேட்க வேண்டாமா?

2024ஆம் ஆண்டு அக்டோபரில், சென்னை நடுவே நெடுங்காலச் சட்டப் போராட்டத்தின் பின் மீட்கப்பட்ட நிலத்தில், கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. தனியார் பிடியிலிருந்து பொதுநிலத்தை மீட்டது பாராட்டுக்குரிய செயல். ஆனால் பெரியவர்க்கு நூறு ரூபாய் என்று வாயிலில் எழுதியபோது, மீட்டது யாருக்காக என்ற வினா எழுந்தது; எழத்தான் செய்யும். அதே திங்களில் 40 மலைப்பாதைகளுக்கு மின்வழிப் பதிவும் கட்டணமும் கொண்ட திட்டம் வந்தது. அங்கே வழிகாட்டிகளாகப் பழங்குடி இளைஞர் அமர்த்தப்பட்டனர். கட்டணம் அவர்கள் கைக்குச் சேரும் அளவுக்கு அது கூலி. கூலி கொடுக்கத்தான் வேண்டும். மலையின் மகனுக்கு வேலை தரும் தொகையும், பூங்காவில் மரத்தைக் காணத் தரும் தொகையும் ஒன்றல்ல. உழைப்புக்கு விலை உண்டு. நிழலுக்கு விலை இருக்கக் கூடாது.

இதே ஆட்சி, 2021ஆம் ஆண்டு சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆக்கியது. நட்டம் என்றார்கள் கணக்கர்கள். ஆனால் வேலைக்கும், கல்லூரிக்கும், தாய் வீட்டுக்கும், மருத்துவமனைக்கும் கணவனிடம் கை நீட்டாமல் பெண் புறப்பட்டாள். ஒரு சிறு சீட்டு நீங்கியதும் எத்தனை வாசல்கள் திறந்தன! அந்தத் துணிவைப் பொதுவெளியிலும் காட்டுக என்பதே நம் வேண்டுகோள்.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. பேருந்திலும் கால்நடையாகவும் வருவோர்க்கு வாயில் திறந்திருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்நாளும் தடையின்றி இருக்கட்டும். வரம்பு வேண்டிய இடத்தில் எண்ணிக்கையால் வரம்பிடுக, பணத்தால் வேண்டாம். எங்கேனும் தொகை பெறுவது தவிர்க்க இயலாததாயின், பெற்றது எவ்வளவு, செலவிட்டது எதற்கு என்று வாயிலிலேயே தமிழில் எழுதி வைக்கட்டும். கணக்குக் காட்டாதவரை விலக்கிய பழைய நெறியை உத்திரமேரூர்க் கல்லிலிருந்து எடுத்துக்கொள்வோம். ஆளை ஒதுக்கிய நெறியைக் கல்லோடு விட்டுவிடுவோம். விதி வகுக்கும் அவையில் அந்த ஊர் உழவனும், மீனவனும், பெண்களும் அமரட்டும்.

உரிமை கேட்பவனுக்குக் கடமையும் உண்டு. இளைஞர்களே, காணும் பொங்கலன்று பாலாற்று மணலுக்குச் செல்லுங்கள். கூட்டம் கலைந்த பின் ஒரு மணி நேரம் நின்று, விட்டுச் சென்ற குப்பையை அள்ளுங்கள். ஏரிக்கரையில் உரக்கப் பேசுபவனை அன்போடு தடுங்கள். கட்டணம் இல்லாவிடில் ஒழுக்கம் இராது என்பவருக்கு இதைவிடச் சிறந்த மறுப்புரை இல்லை. வேடந்தாங்கல் உழவன் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் செய்து காட்டியதை, படித்த நாம் ஒரு மாலைப் பொழுது செய்யக் கூடாதா?

வாலாஜாபாத்துத் தறி வீட்டில் பாவு முடிந்திருக்கும். அடுத்த பாவும் ஏறியிருக்கும். சிறுவன் மீண்டும் கேட்டிருப்பான். "கொக்கைப் பார்க்கவா காசு?" என்று அந்த ஆயா கேட்டதற்கு இன்னும் எவரும் விடை கூறவில்லை. விடை கூற வேண்டியவன் தறியில் இருக்கும் தந்தை அல்லன். நாடும், நாட்டை ஆள்வோரும், அவர்களைத் தேர்ந்தெடுத்த நாமுமே விடை கூற வேண்டும்.